எந்த வாத்தியாரின் மகள்?

அப்பா ஏழு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்த நெகட்டிவை நான் தேடிப் பிடிக்க ஒன்பது நாள் ஆனது. அவரிடம் இருந்தவை இரண்டு பதிவேட்டுக் கொப்பிகளும் ஒரு மர அலுமாரியும். என்னிடம் இருந்தவை கணினி, ஸ்கானர், நான்கு டெராபைட் வன்தட்டு.

அப்பா திருகோணமலை நகரில் 1971 முதல் 2006 வரை ஸ்டூடியோ வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களில் கடைக்கு வந்த பலர் படம் எடுக்க வரவில்லை. அல்பத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, நெகட்டிவ் இருக்குமா ஐயா என்று கேட்டு வந்தார்கள். அப்பா இரண்டே கேள்விதான் கேட்பார். “எந்த வருசம்? எந்த ஊர்?” பிறகு நீலக் கொப்பியில் விரலை ஓட்டி, ஓர் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அலுமாரிக்குப் போவார். நிலாவெளியிலிருந்து வந்த ஓர் அக்காவுக்குத் தாய் தகப்பனின் கலியாணப் படம் அப்படித்தான் கிடைத்தது. நான் அன்றைக்குக் கடையில் நின்றேன். அந்த ஏழு நிமிடமும் சுவர் மணிக்கூட்டில் பார்த்ததுதான்.

2021 இல் அதே அக்கா மறுபடி வந்தார். அப்போது அப்பா இல்லை. “தம்பி, அந்த உறையில வேற படங்களும் இருந்தது. அண்டைக்குக் காசில்லாமல் ஒண்டு மட்டும் எடுத்தன். இப்ப மகள் கேட்கிறாள்” என்றார். நான் பெருமையோடு கணினியைத் திறந்தேன். “கலியாணம்”, “கலியாணம் பழையது”, “கலியாணம் புது”, “கலியாணம் புது கடைசி 2” என்று கோப்புறைகள். உள்ளே “ஸ்கான் 0001” தொடங்கி ஆயிரக்கணக்கில் படங்கள். அக்கா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடித்தார். இன்னொரு தேத்தண்ணியும் குடித்தார். கடைசியில் “பரவாயில்லை, கிடைச்சால் சொல்லுங்கோ” என்று எழுந்து போனார்.

எங்கே பிழை விட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய படங்களை ஸ்கான் செய்து, எண்ணும் தலைப்பும் கொடுத்து அடுக்கும் இதே வேலையைப் பலரும் செய்துகொண்டிருப்பீர்கள்.

2018 இல் அலுமாரியைத் திறந்தபோது வினாகிரி நாற்றம் அடித்தது. அசிடேட் பிலிம் பழுதாகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அதன் நாற்றம்தான். கடல் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து உறைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவசரமாக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. நெகட்டிவ் துண்டுகளை எடுத்துப் புது பிளாஸ்டிக் உறைகளில் போட்டேன். போடும்போதே கலியாணம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், பாடசாலை ஒரு பக்கம் என்று பிரித்தேன். பழைய கபில நிற உறைகளைக் குப்பையில் போட்டேன். அந்த உறைகளின் வலது மூலையில்தான் அப்பா பென்சிலால் “78/312” என்று எழுதியிருந்தார். கொப்பியில் இருந்த எண்ணும் அதுதான். இரண்டையும் கோத்திருந்த ஒரே நூலை நானே அறுத்துவிட்டேன்.

பொருள்வாரியாகப் பிரிப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் அப்பா பொருள்வாரியாக எடுக்கவில்லை. ஒரே சுருளில் முதல் 20 படம் நிலாவெளிக் கலியாணம், அடுத்த 10 படம் திரும்பி வரும் வழியில் உப்புவெளியில் ஒரு பிறந்தநாள், மிச்சம் கடற்கரையில் எங்கள் தங்கச்சி. இதைப் பிரித்தால் அந்தப் பிறந்தநாள் எந்த வருசம் என்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. ஆவணக் காப்பாளர்கள் மூல ஒழுங்கைக் குலைக்காதே என்று தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான். எனக்கு அது பட்ட பிறகுதான் புரிந்தது.

குலைந்த ஒழுங்கை மீட்டெடுத்ததும் அந்த நெகட்டிவ்களை வைத்துத்தான். சுருளின் விளிம்பில் 1 முதல் 36 வரை சட்ட எண் (எத்தனையாவது படம் என்ற எண்) அச்சாகியிருக்கும். அப்பா ஆறு ஆறாகக் கத்தரித்தவர். ஒரு துண்டின் வெட்டு விளிம்பை இன்னொன்றோடு பொருத்திப் பார்த்தால், கொஞ்சம் சரிந்த வெட்டு கண்ணாடித் துண்டு சேர்வதுபோலச் சேரும். அக்காவின் மகளும் நானும் ஒளிப்பெட்டியில் வைத்து இப்படி மாதக்கணக்கில் பொருத்தினோம். பலது கிடைத்தது, எல்லாம் கிடைக்கவில்லை.

சரி, பொருத்தியாயிற்று. அடுத்து, பெயர் எப்படி வைப்பது?

முதலில் சர்வதேச நியமங்களைப் புரட்டினேன். சர்வதேச ஆவணக்காப்பகப் பேரவையின் பொது விவரிப்பு நியமத்தின் இரண்டாம் பதிப்பு 2000 இல் வந்தது. 26 விவரக் கூறுகள், அதில் 6 கட்டாயம் என்ற அளவுக்கு எதிர்பார்க்கிறது: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், திகதி, அளவு, எந்தப் படியில் (முழுத் தொகுப்பா, தொடரா, உறையா, தனிப் படமா) இருக்கிறது என்பது. டப்ளின் கோர் என்று இன்னொன்று, 15 கூறுகள், 1995 இல் அமெரிக்காவின் ஒகைய்யோவில் உள்ள டப்ளினில் நடந்த பட்டறையில் பிறந்தது. அயர்லாந்து டப்ளின் என்று நான் கொஞ்சநாள் சொல்லித் திரிந்தேன். இரண்டும் நல்லவை. ஆனால் ஒரு வீட்டுத் தொகுப்புக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. எனக்கு உதவியது முதலாவதில் உள்ள நான்கு விதிகள்: பெரியதிலிருந்து சிறியதுக்குப் போ. அந்தந்தப் படிக்கு உரியதை மட்டும் சொல். எந்தப் படி எதற்குக் கீழ் என்று இணைத்துக் காட்டு. மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லாதே.

கடைசி விதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். திரும்பச் சொல்லாவிட்டால் “மணமக்கள், வாசலில்” என்று ஒரு படத்துக்குத் தலைப்பு வரும். கோப்புறைக்குள் இருக்கும்வரை அது அழகு. அந்தப் படத்தை யாரோ கனடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னொருவர் இன்னொருவருக்கு அனுப்பினால், எந்த மணமக்கள், எந்த வாசல்? திரும்பச் சொன்னாலோ “திருகோணமலை ஸ்டூடியோ வெளிப்படப்பிடிப்பு 1978 நிலாவெளி திருமணம் பெண் வீடு மணமக்கள் வாசலில்” என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழ நீளம்.

விடை நம் ஆட்களின் பெயரிலேயே இருந்தது. நாம் பெயரை எப்படி எழுதுகிறோம்? முன்னால் அப்பாவின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். யாரும் அப்பாவின் முழுப்பெயர், பாட்டனின் ஊர் எல்லாவற்றையும் ஒவ்வொரு இடத்திலும் எழுதுவதில்லை. அந்த ஓரெழுத்து “இந்தப் பிள்ளைக்கு மேலே ஒருவர் இருக்கிறார், தேடிப் போனால் கிடைப்பார்” என்று சொல்லிவிடுகிறது. படத்துக்கும் அப்படி ஒரு முதலெழுத்து கொடுத்தால் போதும். படிநிலை முழுவதையும் எண்ணில் ஏற்றிவிட வேண்டும். தலைப்பு அதன் படிக்குரியதை மட்டும் சொல்லிவிட்டு நிற்கலாம்.

அதனால் இப்போது ஒரு படத்தின் எண் 02-1978-0312-07 என்று இருக்கும். 02 என்பது தொடர். 1978 கொப்பியின் ஆண்டு. 0312 உறை. 07 சட்டம். அப்பாவின் “78/312” அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக ஓர் எண்முறையை நான் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று சேர்த்தேன். பழைய எண் எது இருந்தாலும், எவ்வளவு கோணலாக இருந்தாலும், அதைக் காப்பாற்றுங்கள். அதை எழுதியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

தொடர்களும் அப்படித்தான். எனக்கு ஐந்தாறு தொடர் வேண்டும் என்று ஆசை: சமயம், கல்வி, குடும்பம், விளையாட்டு என்று. ஆனால் அப்பா வைத்திருந்தது சிவப்புக் கொப்பி (கடைக்குள் எடுத்தவை, பெரும்பாலும் அடையாள அட்டைப் படமும் கடவுச்சீட்டுப் படமும்), நீலக் கொப்பி (வெளியே போய் எடுத்தவை), ஒரு சப்பாத்துப் பெட்டி (தனக்காக எடுத்தவை), பிறகு வீடியோ கசெட்டுகள். ஆகவே 01 உள், 02 வெளி, 03 சப்பாத்துப் பெட்டி, 04 கசெட். “சப்பாத்துப் பெட்டி” என்று ஒரு தொடருக்குத் தலைப்பு வைக்க முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஒழுங்கு ஏன் பெரியதிலிருந்து சிறியதுக்கு என்றும் ஒருவர் கேட்டார். கடிதத்தில் விலாசம் எழுதும்போது பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறோமே என்றார். தபால் பிரிப்பவர் அதைக் கீழிருந்து மேலேதான் வாசிக்கிறார், முதலில் ஊர், பிறகுதான் வீடு. கணினி இடப்பக்கத்திலிருந்து வாசித்து அடுக்குகிறது. அதனால் அதற்கு ஊரை முதலில் கொடுக்க வேண்டியிருக்கிறது. “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைத் தேடியவர்கள் கவனித்திருப்பீர்கள்: இதழின் பெயர், பிறகு ஆண்டு, புள்ளி, மாதம். ஆண்டு முன்னால் வருவதால் இதழ்கள் தாமாகவே கால ஒழுங்கில் நின்றுவிடுகின்றன. மாதத்துக்கு 01, 02 என்று சுழியம் போடாவிட்டால் 1, 10, 11, 12, 2 என்று வரும். என் முதல் 300 உறைகள் அப்படித்தான் 1க்குப் பக்கத்தில் 10, 100 என்று கூத்தடித்தன.

எண் எல்லாம் இலக்கமாக இருப்பதற்கு ஒரு வலியான காரணம் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆறு மாதம் வைத்தும் பார்த்தேன்.

“கோணேஸ்வரம்” என்ற சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 10 குறி: மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் சேமிப்பில் 30 பைட். விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறிவரை போகலாம். லினக்ஸில் ஓடும் பெரும்பாலான வலையமைப்பு வன்தட்டுகளில் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறி. என் முழ நீளத் தலைப்புகள் மடிக்கணினியில் நன்றாக இருந்தன. காப்புப் பிரதி எடுக்கும்போது நீளமான பெயருள்ளவற்றை வன்தட்டு ஏற்கவில்லை. பிழைச் செய்தி வந்தது. வாசிக்காமல் மூடிவிட்டேன். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காப்பில் இருந்தது முழுசு இல்லை. விண்டோஸுக்கும் தன் பங்குக்கு ஒரு குறை உண்டு: வழக்கமாக அதன் முழுப் பாதை, கோப்புறைப் பெயர்களும் சேர்த்து, 260 குறிக்குள் நிற்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறை என்று தமிழில் நீட்டி நீட்டிப் பெயர் வைத்தால் ஐந்தாம் படியிலேயே முட்டும்.

அடுத்தது தேடல். “கோ” என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும் மென்பொருள் கவனமாக எழுதப்பட்டிருக்காவிட்டால் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறை பெயரைச் சேமிக்கும்போதே பிரித்துவிடும். அக்காவின் மகள் மேக்கில் வேலை செய்தாள், நான் விண்டோஸில். எங்கள் தொகுப்பில் பாதிக் கோணேசர் கோயில் எனக்குத் தெரியவில்லை, மற்றப் பாதி அவளுக்குத் தெரியவில்லை. “ஸ்ரீ”யும் இதே மாதிரி இரண்டு விதமாக எழுதப்படலாம். பாடசாலைப் பெயர்கள் தொடங்குவதே அதில்தான். இப்போது படங்களின் விவரம் எழுதும் அட்டவணையில் உள்ள எல்லாத் தமிழையும் மாதம் ஒருமுறை ஒரு சிறிய நிரலால் யூனிகோடின் சேர்த்த வடிவத்துக்கு, என்எஃப்சி என்பார்கள், மாற்றிவிடுகிறோம். “ஸ்ரீ”யின் இரண்டு விதங்களை அது ஒன்றாக்காது, அதைத் தனியாக மாற்ற வேண்டும். பைதானில் இரண்டு வரி வேலை.

2001க்குப் பிறகு அப்பாவின் உதவியாளர் கொப்பியைக் கணினியில் தட்டத் தொடங்கியிருந்தார். பாமினி எழுத்துருவில். இலங்கையில் அந்தக் காலத்தில் தட்டியவர்கள் அனேகம்பேர் அதில்தான் தட்டினார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு இலக்கங்களையும் அடைப்புக்குறிகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சிலது இடம் மாறியிருக்கும்.

ஆகவே கோப்புப் பெயரும் கோப்புறைப் பெயரும் வெறும் இலக்கம். தமிழ் முழுவதும் அட்டவணையில். அதோடு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் தலைப்பையும் எண்ணையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதும் போய்விடும், பெயரும் மாறிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தங்கும். இதை எத்தனை மாமிமாருக்குச் சொல்லிக் கொடுப்பது? அதனால் வெளியே கொடுக்கும் பிரதியின் அடியில் மெல்லிய வெள்ளை ஓரம் விட்டு எண்ணைப் பொறித்துவிடுகிறோம். யாராவது அதை வெட்டிவிட்டு முகநூலில் போடுவார்கள்தான். எல்லாரும் வெட்டுவதில்லை.

இனித் தலைப்புக்கு வருகிறேன். சண்டை அதிகம் நடந்ததும் இதில்தான்.

நாங்கள் இருவரும் ஒரே 40 உறைகளை எடுத்துத் தனித்தனி அறையில் இருந்து தலைப்பு எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றுபோல வந்தது மிகக் கொஞ்சம். நான் “கலியாணம்” என்று எழுதிய இடத்தில் அவள் “திருமணம்”. நான் “சாமத்தியவீடு”, அவள் “பூப்புனித நீராட்டு விழா”. நான் “சீனன்குடா”, அவள் “சைனாபே”. நான் “பெரியம்மா வீட்டில்”. அவள் சிரித்தாள். “மாமா, உங்கட பெரியம்மா எனக்கு யார்?”

அந்த ஒரு கேள்வி 200 தலைப்புகளைத் திருத்த வைத்தது. உறவுமுறை சொல்பவரோடு ஒட்டியது. நான் பெரியம்மா என்பவர் இன்னொருவருக்கு அம்மா, மற்றொருவருக்கு மாமி. வீட்டுக்குள் பேசும்போது அதைவிடத் துல்லியமான சொல் கிடையாது. பட்டியலில் அதைவிடக் குழப்பமானதும் கிடையாது. அப்பாவின் கொப்பியும் இதே கதைதான். 78/312க்கு நேரே அவர் எழுதியிருந்தது: “நிலா. வாத்தியார் மகள். பொம்பிளை வீடு.” 1978 இல் அவருக்கு அது போதும். நிலாவெளியில் எத்தனை வாத்தியார்! எத்தனை மகள்!

இதற்கு நாங்கள் கண்ட வழி, அட்டவணையில் இரண்டு பத்தி (நெடுவரிசை). ஒன்று “பதிவேட்டுப்படி”. கொப்பியில் உள்ளது எழுத்துப் பிசகாமல், சுருக்கமும் பிழையும் உட்பட, அங்கே போகும். அதை யாரும் தொடக்கூடாது. மற்றது “தலைப்பு”. அது நாங்கள் கொடுப்பது. மூலத்தில் இல்லாமல் பட்டியலிடுபவர் தானாகக் கொடுத்த தலைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது நூலகங்களில் நெடுங்கால வழக்கம். ஆவணக்காப்பகங்களில் சிலர் போடுவதில்லை. நாங்கள் எங்கள் ஊகத்தில் எழுதியதற்கு மட்டும் போட்டோம். அடைப்புக்குறி இருந்தால் “இதை நம்பிவிடாதே, தெரிந்தால் திருத்து” என்று பொருள். அது மிகவும் பயன்பட்டது. படங்களை ஊராருக்குக் காட்டும்போது அடைப்புக்குறி உள்ளவற்றை மட்டும் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.

உறைத் தலைப்பின் வரிசையை முதலில் இடம், பிறகு நிகழ்வு, பிறகு யார் வீடு என்று வைத்தோம். “நிலாவெளி – திருமணம், பெண் வீடு”. அப்பாவின் கேள்வியே அந்த வரிசையில்தான் இருந்தது. வருசம் எண்ணில் வந்துவிட்டது, அடுத்தது ஊர். உங்கள் தொகுப்பில் ஆட்கள் முதலில் எதைக் கேட்கிறார்களோ அதை முதலில் வையுங்கள். பாட்டுக் கசெட் சேர்ப்பவருக்குப் பாடியவர் முதலில் வரலாம். நாடகத் தொடர் சேர்ப்பவருக்குத் தொடரின் பெயர், பருவம், அத்தியாயம். எதுவானாலும் முதல் உறையிலிருந்து கடைசி உறைவரை அதே வரிசை.

நிகழ்வுப் பெயர்களுக்கு ஒரு சிறிய சொற்பட்டியல் செய்தோம். திருமணம் என்பது தலைச்சொல். கலியாணம், நிக்காஹ், பதிவுக் கலியாணம் எல்லாம் அதன்கீழ் தேடக்கூடிய சொற்கள். எதை வைத்துத் தேடினாலும் கிடைக்கும், ஆனால் தலைப்பில் ஒன்றுதான் வரும். அப்பாவிடம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் வந்தார்கள். ஒரே தலைச்சொல்லின்கீழ் எல்லாரையும் போடுவது சரியா என்று நாங்கள் இரண்டு பின்னேரம் வாதாடினோம். சடங்குகள் வேறுவேறு, தேடுபவர் தேடுவது ஒன்று. கடைசியில் உறைக்குத் திருமணம், சட்டத்துக்குக் குறிப்பான சடங்குப் பெயர் என்று முடித்தோம். தலைப்பிலேயே எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கோயில் முன்றலில் நடந்த கலியாணப் படத்துக்குக் கோயிலையும் கலியாணத்தையும் கடலையும் மானையும் தலைப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது.

இடப்பெயர் இன்னும் பொல்லாதது. “கோட்டை” என்று அப்பா பல இடத்தில் எழுதியிருந்தார். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையும் உண்டு, ஒஸ்டன்பேர்க் கோட்டையும் உண்டு. படத்தைப் பார்த்தால் அனேகமாகப் பிரெட்ரிக் கோட்டை வாசல். ஓர் உறையில் மட்டும் இரண்டும் பொருந்தவில்லை. கடைசியில் பார்த்தால் அது கொழும்புக் கோட்டை ரயில் நிலையம்! “கோணேசர்” என்றால் கோட்டைக்குள் சுவாமிமலை உச்சியில் இருக்கும் கோயிலா, தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலா? 1622 இல் போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்ததன் தொடர்ச்சியாகப் பிறந்த சிக்கல் ஒன்று, 400 வருசம் கழித்து என் அட்டவணையில் வந்து நின்றது. கோபுரத்துக்குப் பின்னால் கடல் தெரிகிறதா வயல் தெரிகிறதா என்று பார்த்துப் பிரித்தோம்.

ஆனால் என்னை வெட்கப்படுத்தியது “க.யா” தான். அப்பாவின் சுருக்கம். நான் அதை எல்லா இடத்திலும் “கிண்ணியா” என்று விரித்துவிட்டேன். ஒருநாள் பட்டியலைப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: “கிண்ணியாவில ஏன் தம்பி இவ்வளவு அந்தியேட்டி?” கிண்ணியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். இந்துக்கள் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குச் சனம் போவது கன்னியா, ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கும் இடம். ஒன்று குடாவுக்கு அப்பால் தெற்கே, மற்றது நகரத்துக்கு வடமேற்கே. மூன்று எழுத்தில் ஊர் மாறிவிட்டது. அன்றிலிருந்து தலைப்பில் சுருக்கம் எதுவும் கிடையாது. விரிக்கும்போது சந்தேகம் இருந்தால் படத்தைப் பார்க்காமல் விரிப்பதும் இல்லை.

திகதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொப்பியில் இருந்தது படம் கொடுத்த திகதி, எடுத்த திகதி இல்லை. அதனால் எண்ணில் உள்ள ஆண்டு கொப்பி ஆண்டு என்று மட்டும் கொள்கிறோம். நிகழ்வின் திகதி அட்டவணையில் தனியாக, ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒழுங்கில். அண்ணளவுக்கும் ஐயத்துக்கும் குறிபோட 2019 இல் வந்த ஐஎஸ்ஓ 8601 இரண்டாம் பகுதி வழி சொல்கிறது: ஐயமென்றால் வினாக்குறி, அண்ணளவென்றால் அலைக்குறி. வினாக்குறியை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. சந்தேகத்தைக் கோப்புப் பெயரில் எழுதாமல் அட்டவணையில் எழுத இது இன்னொரு காரணம். திகதி கண்டுபிடிக்க எங்களுக்கு அதிகம் உதவியவை செத்தவீட்டுக் கல்வெட்டுகள். அந்தியேட்டியன்று கொடுக்கும் அந்தச் சிறு நூலில் பிறந்த ஆண்டு, மணமுடித்த ஆண்டு, பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் இருக்கும். “சிவராத்திரி” என்று எழுதியிருந்தால் அந்த வருசப் பஞ்சாங்கம். உறவினர் பின்னாளில் கொண்டுவந்து தந்த படங்களில் கிண்ணியாவுக்குப் பாதையில் (மிதவைப் படகில்) கடப்பது தெரிந்தால், 2009 இல் பாலம் திறப்பதற்கு முந்தியது.

கசெட்டுகள்தான் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒரு கலியாணம் இரண்டு விஎச்எஸ் கசெட்டில் இருக்கும், அது பரவாயில்லை, பகுதி 1, பகுதி 2. ஆனால் ஒரே கசெட்டில் கலியாணம், அது முடிந்த இடத்தில் யாரோ பதிந்த கிரிக்கெட், கடைசியில் பேரப்பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் என்றும் இருக்கிறது. எண் கசெட்டுக்கு உரியது, ஒரு கசெட்டுக்கு ஒன்றுதான். தலைப்பு நிகழ்வுக்கு உரியது, அதனால் ஒரு கசெட்டுக்குள் மூன்று உருப்படி, 01, 02, 03, தொடங்கும் நிமிடத்தோடு. பொருளை எண்ணால் பிடி, கதையைத் தலைப்பால் பிடி என்று அக்காவின் மகள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கிரிக்கெட்டை அழிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பின்னால் வீட்டு ஆட்களின் குரல் கேட்கிறது.

தொடங்கப் போகிறவர்கள் முழுத் தொகுப்பிலும் கை வைக்காமல் 50 உருப்படியில் முதலில் செய்து பாருங்கள். 50 முடியும்போது உங்கள் விதிகளில் பாதி மாறியிருக்கும். மாறிய விதியை ஒரு பக்கத் தாளில் திகதியோடு எழுதி வையுங்கள். எங்கள் தாள் இப்போது ஏழாவது திருத்தத்தில் நிற்கிறது. தலைப்பு சரியா என்று பார்க்க, மேற்படியிலிருந்து கீழ்ப்படிவரை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள்: “வெளி. 1978. நிலாவெளி – திருமணம், பெண் வீடு. மணமக்கள், வாசலில்.” ஒரே சொல் இரண்டு முறை காதில் விழுந்தால் ஏதோ ஒரு படி தன் வேலையை விட்டு மற்றதன் வேலையைச் செய்கிறது.

அந்த அக்காவுக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் 78/312இன் ஆறு துண்டில் நான்கு கிடைத்தது. பிறகும் அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை வந்தபோது தலைப்புகள் போட்டு முடித்திருந்தேன். அச்சடித்த தாளில் 02-1978-0312-19 இப்படி இருந்தது: “[மணமகளின் தாய், குத்துவிளக்கு ஏற்றுகிறார்]”.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அது அம்மம்மா இல்லைத் தம்பி. அம்மம்மா அப்ப ஏலாமல் படுக்கையில. இது பெரிய மாமி. தாய்க்குப் பதிலா நிண்டவ.”

நான் பென்சிலை எடுத்தேன். “மாமி என்று போடேலாது அக்கா. ஆருக்கு மாமி? முழுப்பெயரைச் சொல்லுங்கோ.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. எல்லாரும் பெரிய மாமி என்றுதான் கூப்பிடுவார்களாம். திருகோணமலை நகரில் இருக்கும் தம்பிக்கு அழைப்பெடுத்தார். அவருக்கும் தெரியவில்லை. அவர் லண்டனில் இருக்கும் மச்சாளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடைப்புக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது, உள்ளே உள்ள சொல் மட்டும் மாறியிருக்கிறது.